மருந்தும் மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவர்களும் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும். திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், வலிப்பு விடாமல் வரலாம்.

ஒரே மாத்திரை, ஒரே அளவு. எனக்குக் கேட்கிறது, என் தம்பிக்குக் கேட்கவில்லை. மரபணுதான் காரணமா?

இருக்கலாம். ஆனால் முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டாம். வயது, எடை, சிறுநீரகம், ஈரல், கூடச் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், எல்லாவற்றுக்கும் மேலே தம்பி ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மரபணுவுக்கு வர வேண்டும். நாம் சாப்பிடும் பெரும்பாலான மருந்துகளில் மரபணுவின் பங்கு இருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் சில மருந்துகள் இருக்கின்றன, ஒரு கை விரல்களைவிட அதிகம், நூறுக்கும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் ஒரே ஒரு மரபணுவில் இருக்கும் சின்ன மாற்றம் அந்த மருந்து வேலை செய்யுமா, செய்யாதா, ஆளையே கவிழ்க்குமா என்பதைத் தீர்மானித்துவிடும். எந்த மருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். 'எனக்கு மருந்தே ஒத்துக்கொள்ளாத உடம்பு' என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை.

மரபணு தலையிடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மருந்தை உடைக்கும் அல்லது செயல்பட வைக்கும் நொதிகள், மருந்து போய் ஒட்டும் இலக்கு, அப்புறம் மருந்தைப் பகையாளியாக நினைத்துத் தாக்கும் நோயெதிர்ப்பு அமைப்பு. மூன்றுக்கும் கீழே உதாரணம் வரும்.

நொதி சரியாக வேலை செய்யவில்லை என்றால் மருந்து உடம்பில் அதிகமாகிவிடும், அவ்வளவுதானே?

பாதி சரி. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவக் கல்லூரியில் 1970களின் நடுவில் ராபர்ட் ஸ்மித் என்ற பேராசிரியர், டெப்ரிசோகுயின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தன் ஆய்வகத்துக்காரர்களோடு சேர்ந்து தானும் விழுங்கிப் பார்த்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து எழுந்து நிற்கவே முடியாமல் போயிற்று. சிறுநீரைப் பரிசோதித்தால் மருந்து உடையாமல் அப்படியே வெளியே வந்திருக்கிறது. இப்படித்தான் இன்று சிஒய்பி2டி6 என்று அழைக்கப்படும் நொதியின் கதை வெளியே வந்தது. இங்கே நீங்கள் சொன்னது பொருந்தும்: நொதி இல்லை, மருந்து தேங்கியது, ஆள் விழுந்தார்.

ஆனால் அதே நொதி, இருமலுக்கும் வலிக்கும் கொடுக்கும் கோடீனில் நேர்மாறாக வேலை செய்கிறது. கோடீன் தானாக வலியைப் போக்குவதில்லை, ஈரலில் இந்த நொதி அதில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றினால்தான் உண்டு. நொதி இல்லாதவருக்குக் கோடீன் சாப்பிட்டாலும் வலி போகாது. 'வலிக்குதுன்னு நடிக்கிறார்' என்று பேச்சு வாங்குவதுதான் மிச்சம். நொதி அளவுக்கு மீறி இருப்பவருக்கோ சாதாரண அளவிலேயே மார்ஃபின் எகிறிவிடும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் மூச்சு அடங்கி இறந்ததும், அவர்களில் சிலர் இந்த வகையினர் என்று தெரிந்ததும்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013இல் அந்தச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் தரக்கூடாது என்று கடும் எச்சரிக்கை போட்டது. 2017இல் 12 வயதுக்குக் கீழே யாருக்குமே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டிரமடால் என்ற வலி மருந்துக்கும் அதே கதி.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரெல் கொடுத்திருக்கிறார்கள். 'இந்தியர்களுக்கு அது வேலை செய்யாது' என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. உண்மையா?

ஃபார்வர்டு மிகைப்படுத்துகிறது, ஆனால் வெறும் கையில் முழம் போடவில்லை.

ரத்தம் கட்டிக்கொண்டு ஸ்டென்ட் அடைக்காமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலும் கோடீன் மாதிரிதான், உள்ளே போன பிறகு ஈரல் அதைச் செயல்பட வைக்க வேண்டும். விழுங்கியதில் ஏறக்குறைய 85 சதவீதம் வேறு நொதிகளால் உடைந்து வீணாகிறது. மீதியில்தான் வேலை நடக்கிறது, அந்த வேலையில் பெரிய பங்கு சிஒய்பி2சி19 என்ற நொதிக்கு. இந்த மரபணுவில் வேலை செய்யாத வகை ஒன்று உண்டு. ஐரோப்பியர்களிடம் நூறு பிரதிகளில் சுமார் 15 அப்படி. தெற்காசியர்களிடம் அது 30க்கு மேல். நமக்கு ஒவ்வொருவருக்கும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒரு பிரதியாவது பழுதானவர்கள் நம்மில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறார்கள். இரண்டுமே பழுதானவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். புதுச்சேரி ஜிப்மரில் தமிழர்களிடம் 2000களிலேயே செய்த ஆய்வுகள் இந்த நிலவரத்தைத்தான் காட்டின. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் செய்து 2023இல் வெளியான ஆய்விலும் ஒரு பிரதியாவது பழுதானவர்கள் 57 சதவீதம், இரண்டும் பழுதானவர்கள் 13 சதவீதம்.

இரண்டும் பழுது என்றால் மருந்தின் பலன் கணிசமாகக் குறையும் என்று 2010 மார்ச்சிலேயே எஃப்டிஏ மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரித்துவிட்டது. ஹவாய் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆசிய, பசிபிக் தீவு மக்களுக்கு இது சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று தெரிந்தும் சொல்லவில்லை என்று பிளாவிக்ஸ் என்ற பெயரில் இதை விற்ற கம்பெனிகள் மேல் 2014இல் வழக்குப் போட்டது. 2021இல் 83 கோடி டாலருக்கு மேல் அபராதம், மேல்முறையீட்டில் வழக்கின் ஒரு பகுதி திரும்பி வந்து 2024இல் 91 கோடி டாலருக்கு மேல். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2024இல், பக்கவாதம் வந்தவர்களுக்கு க்ளோபிடோக்ரெல் எழுதும் முன் இந்த மரபணுவைப் பாருங்கள் என்று பரிந்துரைத்தது.

இப்போது மறுபக்கம். பழுதான பிரதி வைத்திருப்பவர்களுக்கு மருந்து முழுக்க வீண் என்று அர்த்தம் இல்லை. சீனாவில், பக்கவாதம் அல்லது அதன் முன்னோட்டம் வந்தவர்களில் பழுதான பிரதி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு க்ளோபிடோக்ரெல், பாதிப் பேருக்கு அதே வேலையைச் செய்யும் டிகாக்ரெலார் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2021இல் வந்தது. 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தது க்ளோபிடோக்ரெல் பக்கம் 7.6 சதவீதம், டிகாக்ரெலார் பக்கம் 6. வித்தியாசம் உண்மை, ஆனால் உலகம் இடிந்துவிழும் வித்தியாசம் இல்லை. மாற்று மருந்துகளுக்கும் விலை உண்டு, ரூபாயில் மட்டும் இல்லை: டிகாக்ரெலார், பிராசுக்ரெல் இரண்டிலும் ரத்தக்கசிவு கொஞ்சம் அதிகம், முன்பு பக்கவாதம் வந்தவருக்கு பிராசுக்ரெல் கூடவே கூடாது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், அல்லது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் மறுபடி அடைப்பு வந்திருந்தால், 'சிஒய்பி2சி19 பார்க்கலாமா டாக்டர்?' என்று கேட்பது நியாயமான கேள்வி. கூடவே வயிற்றுக்கு என்ன மாத்திரை என்றும் பாருங்கள். ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் இதே நொதியை அடக்கும், அதனால் நல்ல மரபணு இருப்பவருக்கும் க்ளோபிடோக்ரெலின் பலன் குறையலாம். பேன்டோப்ரசோலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மரபணுவை மாற்ற முடியாது, கேஸ் மாத்திரையை மாற்றலாம்.

இதெல்லாம் இப்போது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பேஷன்தானே?

இல்லை. இதன் பழைய அத்தியாயம் ஒன்று சென்னையில் எழுதப்பட்டது, நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

காசநோய்க்கு ஐசோநியாசிட் 1952இல் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே, சிலர் உடம்பு அதை வேகமாகச் செயலிழக்க வைக்கிறது, சிலர் உடம்பு மெதுவாக, நடுவில் ஆட்கள் குறைவு என்று கவனித்தார்கள். இது பரம்பரையாக வருவது என்று 1960இல் டேவிட் பிரைஸ் எவான்ஸ் தெளிவாகக் காட்டினார், இன்று அந்த மரபணுவுக்கு என்ஏடி2 என்று பெயர். இதே காலத்தில் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய மெட்ராஸ் அரசு எல்லாம் சேர்ந்து 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இயங்கிக்கொண்டிருந்தது. சேத்துப்பட்டில் இப்போது காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாக இருப்பது அதுதான். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய இடம்.

அங்கே நோயாளிகளை வேகமான வகை, மெதுவான வகை என்று பிரித்துப் பார்த்தார்கள். தென்னிந்தியர்களில் சுமார் 60 சதவீதம் மெதுவான வகை. ஜப்பானியர்களில் அது 10 சதவீதத்தை ஒட்டித்தான். மருந்தின் அளவைக் கூட்டியபோது கை கால் மரத்துப்போவதும் எரிவதும் மெதுவான வகையினரிடம்தான் அதிகமாக வந்தது, வைட்டமின் பி6 கொடுத்தால் அது தடுக்கப்பட்டது. காசநோய் மாத்திரையோடு இன்றைக்கும் ஒரு பிரிடாக்சின் மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்களே, அது இதற்காகத்தான். மறுபக்கம், வாரத்துக்கு ஒரே ஒரு முறை மருந்து கொடுத்தால் போதுமா என்று பார்த்தபோது வேகமான வகையினரிடம் பலன் குறைந்தது, ஏனென்றால் அடுத்த வாரம் வருவதற்குள் அவர்கள் உடம்பில் மருந்து இருந்த சுவடே இருக்காது. தினசரி கொடுத்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மரபணுச் சோதனை எதுவும் இல்லாமல், மருந்து கொடுக்கும் முறையை மாற்றியே பிரச்சினையைத் தீர்த்தார்கள் என்பதை இந்தத் துறையில் சோதனை விற்கிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

வலிப்பு மாத்திரையால் தோல் உரிந்துபோன படம் பார்த்தேன். பயமாக இருக்கிறது. யாருக்கு வரும்?

நீங்கள் பார்த்தது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக இருக்கும். முதலில் காய்ச்சல், கண் எரிச்சல், வாயில் புண், அப்புறம் தோல் கொப்பளித்துத் தீப்பட்டது போல் உரியும். உயிர் போகலாம், கண் போகலாம். இதைக் கிளப்பும் மருந்துகளில் கார்பமசெபின் முக்கியமானது, டெக்ரிட்டால் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். வலிப்புக்கு மட்டும் இல்லை, முகத்தில் ஷாக் அடிப்பது போல் வரும் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள்.

தைவானில் 2004இல் ஒரு ஆய்வு. கார்பமசெபினால் இந்த நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள், 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற, நோயெதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த மரபணு வகை இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத 101 பேரில் 3 பேரிடம்தான் இருந்தது. மருத்துவத்தில் இவ்வளவு அப்பட்டமான எண்கள் அரிது. பிறகு அதே தைவானில் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அந்த வகை இருந்தவர்களுக்கு மட்டும் வேறு மருந்து கொடுத்தார்கள். எதிர்பார்த்தால் பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டிய அந்த நோய் ஒருவருக்கும் வரவில்லை. 2011இல் அது வெளியானது.

நம்மிடம் இது சீனர், தாய்லாந்துக்காரர் அளவுக்கு இல்லை. தெற்காசியர்களில் சராசரியாக 2 முதல் 4 சதவீதம் என்கிறது எஃப்டிஏ போட்ட குறிப்பு, சில பிரிவினரில் அதிகம். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினர் யாருக்கும் கார்பமசெபின் புதிதாகத் தொடங்கும் முன் இந்தச் சோதனை வழக்கமான நடைமுறை, அங்கே இருக்கும் தமிழர்களுக்கும் சேர்த்து. இந்தியாவில் அப்படி இல்லை. கேட்டால்தான் செய்வார்கள், பல இடங்களில் வேறு வலிப்பு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், அதுவும் நல்ல வழிதான்.

ஏற்கெனவே வருஷக்கணக்கில் கார்பமசெபின் சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். இந்த நோய் வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். புதிதாகத் தொடங்கியவர்கள் காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ தடிப்போ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு: எச்ஐவிக்குக் கொடுக்கும் அபாகவிருக்கு எச்எல்ஏ-பி*57:01, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அல்லோப்யூரினாலுக்கு எச்எல்ஏ-பி*58:01. அபாகவிர் தொடங்கும் முன் சோதனை செய்வது 2008 முதல் உலகம் முழுக்கப் பரவிய நடைமுறை, மரபணுச் சோதனைக்கு இதைவிடச் சுத்தமான வெற்றி எனக்குத் தெரிந்து இல்லை.

'ஆசியர்கள்' என்று பொதுவாகச் சொல்கிறார்களே, நாமும் சீனர்களும் ஒன்றா?

இல்லவே இல்லை. வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமை மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரே ஆஸ்பத்திரிக்கு வரும் சீனர்களுக்குக் குறைந்த அளவு போதும், இந்தியர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. விகேஓஆர்சி1 என்ற இலக்கு மரபணுவின் வகைகள் இரு பிரிவினரிடமும் வேறு விகிதத்தில் இருப்பதுதான் முக்கியக் காரணம். ஆசியர் என்று ஒரே பெட்டியில் போட்டால் இரண்டு பேருக்கும் தவறான டோஸ்தான் கிடைக்கும். சொல்லப்போனால் 'தமிழர்' என்பதும் ஒரு பெட்டிதான், ஒருவரின் டோஸ் அவருடைய இரண்டு பிரதிகளைப் பொறுத்ததே தவிர ஊரைப் பொறுத்தது இல்லை.

அசாதையோபிரின் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மருந்தின் சாதாரணப் பக்கவிளைவா?

இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து ரத்த அணுக்களின் எண்ணிக்கை பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

குடல் அழற்சி, மூட்டு, தோல், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை என்று பலவற்றுக்கு இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள், இதன் நெருங்கிய உறவான மெர்காப்டோப்யூரினைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். பழைய பாடப்புத்தகங்கள் டிபிஎம்டி மரபணுவைப் பார்க்கச் சொல்லும், அது ஐரோப்பியர்களை வைத்து எழுதியது. இங்கே அந்த மாற்றம் குறைவு, டிபிஎம்டி நார்மல் என்று வந்த பிறகும் சிலருக்கு வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கின. ஏன் என்று 2014இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: என்யுடிடி15 என்ற வேறொரு மரபணு. கிழக்காசியர்களிடமும் நம்மிடமும் அதன் மாற்றம் கணிசமாக இருக்கிறது. இரண்டு பிரதியும் மாறியவர்களுக்குச் சாதாரண அளவே எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும், முதல் அறிகுறியாக முடி கொட்டுவது பல நேரம் வருகிறது. ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது டிபிஎம்டி மட்டும் இல்லாமல் என்யுடிடி15உம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் எங்கள் சாதியைக் கேட்டார். இது என்ன நியாயம்?

கோபம் வருவது புரிகிறது, ஆனால் சில நேரம் அந்தக் கேள்விக்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கும். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது தசைகளைத் தளர்த்த ஸ்கோலின் என்று ஒரு ஊசி போடுவார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும், காரணம் ரத்தத்தில் இருக்கும் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது. அந்த நொதி இல்லாதவருக்கு ஊசியின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கும், ஆள் தானாக மூச்சு விட முடியாது. ஆர்ய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். அதற்குக் காரணமான மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். நீண்ட காலம் உள்ளுக்குள்ளேயே மணம் முடித்த எந்தக் குழுவிலும் இப்படி ஏதாவது ஒரு மாற்றம் குவிந்திருக்கும், இது நோயும் இல்லை, குறையும் இல்லை, அந்த ஊசி போடாத வரை வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது.

தெரிந்தால் வேறு தசை தளர்த்தி போட்டுவிடுவார்கள். தெரியாமல் போட்டுவிட்டாலும் வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் மருந்து தானே இறங்கிவிடும். சாதியைவிடப் பயனுள்ள கேள்வி, 'வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வர நேரமானதா?' என்பது. நொதியின் அளவை ஒரு சாதாரண ரத்தச் சோதனையிலேயே பார்த்துவிடலாம். பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கும் இதே நொதி குறைந்திருக்கலாம், அது மரபணு இல்லை, ஆனால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

மலேரியாவுக்கு பிரிமாகுயின் கொடுக்கும் முன் ஜி6பிடி பாருங்கள் என்கிறார்களே?

சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் நொதி அது. குறைவாக இருப்பவர் பிரிமாகுயின் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் மருந்தைச் சோதித்துத்தான் 1956இல் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள், அந்தச் சோதனைகளின் நியாயம் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குத்தான் அதிகம் தெரியவரும். இதற்கும் டிஎன்ஏ சோதனை தேவையில்லை, நொதிச் சோதனை போதும். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனுக்கும் இதே எச்சரிக்கை.

அசிட்ரோம் சாப்பிடுகிறேன். மரபணுச் சோதனை செய்துவிட்டால் மாதாமாதம் ஐஎன்ஆர் பார்க்க வேண்டாமா?

வேண்டும். மரபணுச் சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பார்த்தே ஆக வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் வகை மருந்துகளில் மரபணுவின் பங்கு பெரிது என்பது உண்மை, ஆனால் இங்கே மருந்தின் பலனையே நேரடியாக அளக்கும் சோதனை கையில் இருக்கிறது. 2013இல் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய சோதனைகள் வந்தன, ஐரோப்பாவில் நடந்தது மரபணு பார்த்து டோஸ் கொடுத்தால் நல்லது என்றது, அமெரிக்காவில் நடந்தது பிரயோஜனம் இல்லை என்றது. டோஸ் ஏற்கெனவே நிலைப்பட்டவருக்கு மரபணுச் சோதனை வீண் செலவு.

கொலஸ்ட்ரால் மாத்திரையால் தசை வலி?

எஸ்எல்சிஓ1பி1 என்ற மரபணுவுக்கும் சிம்வாஸ்டாட்டின் தசை வலிக்கும் உள்ள தொடர்பு 2008இல் உறுதியானது. அந்த மருந்தை அதிக அளவில் நம் ஊரில் இப்போது யாரும் பெரிதாக எழுதுவதில்லை. அடோர்வாவிலும் ரோசுவாவிலும் வலி வந்தால் டோஸைக் குறைப்பதோ மாற்றுவதோதான் வழி, மரபணு வரை போக வேண்டியதில்லை.

புற்றுநோய்க்குக் கேப்சிடாபின் தொடங்கப்போகிறார்கள். ஏதாவது கேட்க வேண்டுமா?

ஆம், டிபிஒய்டி. ஃப்ளூரோயூராசிலையும் கேப்சிடாபினையும் உடைக்கும் நொதியின் மரபணு. முழுக்க வேலை செய்யாதவருக்கு முதல் சுற்றே உயிருக்கு ஆபத்தாகலாம். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020இல் தொடங்கும் முன் சோதிக்கச் சொல்லிவிட்டது. ஒரு சிக்கல்: வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்கள் ஐரோப்பியர்களிடம் கண்டவை. நமக்கு 'ஒன்றும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும் முதல் சுற்றில் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது.

மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை சரிப்படும் என்று சொல்லும் டெஸ்ட் விற்கிறார்களே, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று?

விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 இரண்டும் சில மனச்சோர்வு மருந்துகளின் அளவைத் தீர்மானிக்க உதவும், அதற்கு முறையான வழிகாட்டுதல் உண்டு. எந்த மருந்து உங்கள் மனசுக்குக் கேட்கும் என்று சொல்லும் மரபணு இன்னும் கிடைக்கவில்லை. இப்படிச் சான்றில்லாமல் விற்கப்படும் சோதனைகளை நம்பி மருந்தை மாற்றாதீர்கள் என்று எஃப்டிஏ 2018 அக்டோபரில் எச்சரித்தது. எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவைக் காட்டி வைட்டமின் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, மொத்தமாக ஒரு பேனல் டெஸ்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்ப்பதுதான் பேனல். இந்தியாவில் தனியார் ஆய்வகங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்கின்றன, எச்சிலோ ரத்தமோ போதும். ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் ஏறக்குறைய 7,000 பேரிடம் 12 மரபணுக்களைப் பார்த்து மருந்து கொடுத்த ஆய்வு 2023இல் வந்தது, மோசமான பக்கவிளைவுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. நல்ல எண்தான். ஆனால் அங்கே ரிப்போர்ட்டைப் படித்து டோஸை மாற்றத் தெரிந்த மருந்தாளுநரும் டாக்டரும் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தார்கள். இங்கே 40 பக்க ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனால் பல டாக்டர்கள் மேலட்டையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

என் கருத்து இது: ஆரோக்கியமாக இருக்கும் 25 வயதுக்காரருக்கு அவசரம் இல்லை. மேலே சொன்ன மருந்துகளில் ஒன்று தொடங்கப்போகிறது என்றால் அதற்குரிய மரபணுவை மட்டும் பாருங்கள். பல நோய்களுக்குப் பல மாத்திரை சாப்பிடும் வயதானவர், அதுவும் முன்பு இரண்டு மூன்று மருந்துகளால் அவதிப்பட்டவர் என்றால், படித்துச் சொல்ல ஆள் இருக்கும் இடத்தில் பேனல் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எந்த மரபணுவில் எந்த மாற்றங்களைத் தேடினார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், 'நார்மல்' என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள்.

ஒரு முறை எடுத்தால் ஆயுசுக்கும் போதுமா?

மரபணு மாறாது, ஆகவே போதும். ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்தவருக்கு மட்டும் கதை வேறு, புது ஈரலின் நொதிகள் கொடுத்தவருடையவை. எலும்பு மஜ்ஜை மாற்றியவரின் ரத்தத்தில் எடுத்தால் கொடுத்தவரின் மரபணுதான் தெரியும். இன்னொன்று, மரபணு நன்றாக இருந்தும் நொதி படுத்துவிடலாம்: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவோக்செட்டின், பாராக்செட்டின் இரண்டும் சிஒய்பி2டி6ஐ நன்றாகவே அடக்கிவிடும், அப்போது ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருந்தாலும் உடம்பு அப்படி நடந்துகொள்ளாது.

எனக்கு இருந்தால் என் பிள்ளைக்கும் அண்ணனுக்கும் இருக்குமா?

உங்களுக்கு ஒரு பிரதி இருந்தால் பிள்ளைக்குப் போக வாய்ப்பு பாதி, இரண்டு பிரதி இருந்தால் ஒன்று கட்டாயம் போகும். உடன்பிறந்தவர்களுக்கும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆகவே கார்பமசெபினுக்கோ அசாதையோபிரினுக்கோ மோசமாக ஆனது என்றால் வீட்டில் எல்லாரிடமும் மருந்தின் பெயரைச் சொல்லிவையுங்கள். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு அம்மா வழியாக மட்டும் வருவது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 1555ஆவது இடத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள் சாதாரண அளவிலேயே காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். ஐரோப்பாவில் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. மான்செஸ்டரில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து அரை மணி நேரத்துக்குள் விடை சொல்லும் கருவியை வார்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள், கிருமித்தொற்றுக்கு முதல் ஊசியைத் தாமதிக்காமல். இங்கே அந்தக் கருவி வரும் வரை, தாய் வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதாகப் பேச்சு இருந்தால், அம்மா, பாட்டி, மாமா, சித்தி, பெரியம்மா யாராக இருந்தாலும் சரி, குழந்தையை அட்மிட் செய்யும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வேறு ஆன்டிபயாடிக் இருக்கிறது.